ஊசியிலைக் காட்டில் குள்ளப் புல்லுருவி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

பைன், ஸ்புரூஸ், ஃபர், லார்ச் போன்ற ஊசியிலை மரங்களை வெட்டி விற்கும் மரத்துக்காக வளர்த்துப் பராமரிக்கும் காடுகளில், பூச்சிக்கும் தீக்கும் கொடுக்கும் கவனத்தில் கால் பங்குகூடப் புல்லுருவிக்குக் கிடைப்பதில்லை. பூச்சி ஒரே கோடையில் ஒரு மலைச்சரிவையே சிவக்கச் செய்துவிடும். அது எல்லோர் கண்ணிலும் படும். புல்லுருவி அப்படியில்லை. மரத்தைக் கொல்ல அது பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சுற்றியுள்ள இளமரங்கள் எல்லாவற்றுக்கும் பரவியிருக்கும். அந்த மெதுவான போக்குதான் நமக்குச் சாதகம் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அவசரமாக மருந்து தேடி ஓட வேண்டியதில்லை. எந்த மரம் எதன் அருகில், எதன் கீழ் நிற்கிறது என்று பார்த்து, வெட்டுவதைத் திட்டமிட்டால் போதும்.

இங்கே நான் பேசுவது குள்ளப் புல்லுருவியைப் பற்றி. தாவரவியலில் இதன் பேரினம் ஆர்சியூதோபியம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் இதன் இனங்கள் மிகுதி. இமயமலையின் நீலப் பைன் மரங்களில் வாழும் இனம் இப்பேரினத்திலேயே மிகச் சிறியது. பச்சை இலைகளோடு புதர்போல் வளரும் பெரிய புல்லுருவிகளும் ஊசியிலை மரங்களில் உண்டு: ஐரோப்பாவின் ஃபர், பைன் மரங்களில் விஸ்கம், அமெரிக்காவின் ஜூனிப்பர் மரங்களில் ஃபோராடென்ட்ரான். அவற்றைப் பறவைகள் பரப்புகின்றன. மரத்துக்கு வரும் சேதமும் பொதுவாகக் குறைவு. காடு வளர்ப்பவரின் வருமானத்தைத் தின்பது குள்ளப் புல்லுருவிதான்.

எதிரியின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். பின்னால் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

குள்ளப் புல்லுருவிக்கு இலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, செதில்கள் மட்டுமே. கிளையிலிருந்து கணுக்கணுவாக, மஞ்சள், ஆலிவ் பச்சை, ஆரஞ்சு என்று இனத்துக்கேற்ற நிறத்தில் தளிர்கள் குத்தாக நீண்டு நிற்கும். டக்ளஸ் ஃபர் மரத்தில் அவை இரண்டு சென்டிமீட்டர் அளவே இருப்பதால் ஊசிகளுக்கிடையே மறைந்துவிடும். பான்டரோசா பைனில் ஒரு சாண் வரைகூட வளரும். வெளியே தெரியும் இந்தத் தளிர்கள் முக்கியமாகப் பூக்கவும் காய்க்கவும்தான். உண்மையான உடல் பட்டைக்கு உள்ளே இருக்கிறது: பட்டையின் அடியில் ஓடும் இழைகளும், கட்டைக்குள் இறங்கும் உறிஞ்சு வேர்களும். தண்ணீரும் உப்பும் மரத்திடமிருந்தே; சர்க்கரையில் பெரும்பகுதியும் அப்படித்தான். தளிரைக் கிள்ளி எறிந்தால் ஒன்றும் ஆகாது. உள்ளிருந்து மீண்டும் முளைக்கும்.

பழத்துக்குள் நீரழுத்தம் ஏறிக்கொண்டே போய், முற்றியதும் காம்பிலிருந்து அறுந்து, ஒரே ஒரு விதையை வெளியே எறியும். விதையின் தொடக்க வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவில் இருக்கும். லாட்ஜ்போல் பைனில் வாழும் இனத்தில், வெடிப்பதற்குச் சற்றுமுன் பழம் தானாகவே சூடேறுவதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேகம் இவ்வளவு இருந்தும், பெரும்பாலான விதைகள் பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். பக்கவாட்டில் ஏறக்குறைய 15 மீட்டரைத் தாண்டுவது அரிது. விதையைச் சுற்றி ஒரு பசை இருக்கிறது. ஊசியிலையில் ஒட்டிய விதை, மழை வந்து பசை இளகியதும் ஊசி வழியே சறுக்கி அதன் அடிக்கு, இளங்கிளையின் பட்டைக்கு வந்து சேரும். அடுத்த வசந்தத்தில் முளைத்து உள்ளே நுழையும். பறவையோ அணிலோ விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் நடக்கும்; அது அபூர்வம் என்றாலும், புதிய இடத்தில் நோய் முளைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

நுழைந்த பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வெளியே எதுவும் தெரியாது. பிறகு கிளை வீங்கும், தளிர் வரும், மேலும் ஓரிரு ஆண்டுகளில் காய்க்கும். நிழலில் உள்ள கிளை என்றால் இன்னும் பல ஆண்டுகள் தளிர் விடாமலே உள்ளே உறங்கிக் கிடக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். ஒரே வயதுள்ள மரங்களிடையே பக்கவாட்டில் பரவும் வேகம் ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுதான்.

ஆகவே இதற்குப் பலவீனங்கள் மூன்று. உயிருள்ள மரம் இல்லாமல் இது வாழாது. கிளை செத்தால் அதுவும் சாகும். இனத்துக்கு ஒன்றோ இரண்டோ மரவகைதான் இதற்கு முக்கிய உணவு. விதை எட்டும் தூரம் குறைவு. நாம் செய்யப்போகும் எல்லா வேலையும் இந்த மூன்றைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

முதல் படி: சரியாக அடையாளம் காணுங்கள்

சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியோடு ஒவ்வொரு மரத்தையும் குறைந்தது இரண்டு பக்கங்களிலிருந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது துடைப்பக் கொத்து: ஒரே இடத்தில் கிளைகள் கணக்கில்லாமல் கிளைத்து, அடர்ந்து, சில சமயம் ஆள் உயரத்துக்குத் தொங்கும். மரம் தன் உணவையெல்லாம் அந்தக் கொத்துக்கு அனுப்பிவிட்டு உச்சியைப் பட்டினி போடுவதால், நோய் முற்றிய மரம் உச்சியிலிருந்து காய்ந்து வரும்.

துடைப்பக் கொத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஸ்புரூஸ், ஃபர் மரங்களில் துருநோய்ப் பூஞ்சைகளும் இதேபோன்ற கொத்துகளை உண்டாக்கும். அவற்றில் ஊசிகள் மஞ்சளித்து, ஆண்டுதோறும் உதிரும். பான்டரோசா பைனில் எலிட்ரோடெர்மா என்ற ஊசிநோயும் ஏறக்குறைய இப்படியே காட்டும். எட்டும் உயரத்தில் ஒரு கிளையைப் பிடித்து இழுத்து, வீக்கத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். தளிர் இருந்தால் சந்தேகமே இல்லை. தளிர் உதிர்ந்திருந்தாலும், அது நின்ற இடத்தில் பட்டையின்மேல் வட்டமான சின்னஞ்சிறு கிண்ணம் ஒன்று எஞ்சியிருக்கும். பழைய கிளையில் அப்படிப் பத்து இருபது கிண்ணங்கள் வரிசையாகத் தெரியும். பூஞ்சையால் அந்தக் கிண்ணத்தை உண்டாக்க முடியாது. இதைக் கண்ணால் பார்த்துப் பழகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: மதிப்பெண் போடுங்கள்

அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஃபிராங்க் ஹாக்ஸ்வொர்த் 1977-இல் வெளியிட்ட ஆறு மதிப்பெண் முறைதான் இன்றும் எல்லோரும் கையாளுவது. எளிமையானது, கருவி தேவையில்லை, இருவர் தனித்தனியாகப் போட்டாலும் ஏறக்குறைய ஒரே விடை வரும். மரத்தில் பச்சைக் கிளைகள் உள்ள பகுதியை மேல், நடு, கீழ் என்று மனத்துக்குள் மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும்: புல்லுருவி இல்லையென்றால் 0, பாதியோ அதற்குக் குறைவோ கிளைகளில் இருந்தால் 1, பாதிக்கு மேல் இருந்தால் 2. மூன்றையும் கூட்டுங்கள்.

ஒரு மரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்ப்பகுதியில் 14 கிளைகள், அவற்றில் 10-இல் புல்லுருவி: மதிப்பெண் 2. நடுவில் 12 கிளைகள், 4-இல் இருக்கிறது: 1. மேலே ஒன்றுமில்லை: 0. ஆக மொத்தம் 3. மரத்தண்டில் உள்ள வீக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி பத்து மரங்கள் உள்ள ஒரு சோதனைத் துண்டில் 0, 0, 0, 0, 1, 1, 2, 3, 4, 5 என்று வந்தால், எல்லா மரங்களின் சராசரி 1.6. நோய் உள்ள ஆறு மரங்களின் சராசரி மட்டும் சுமார் 2.7. இரண்டையும் எழுதி வையுங்கள். முதல் எண் காட்டுத் துண்டின் மொத்த நிலையைச் சொல்லும். இரண்டாவது எண், நோய் உள்ள மரங்களில் அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும்.

மதிப்பெண் 1, 2 உள்ள மரங்கள் பெரும்பாலும் வளர்ச்சி குன்றாமல் இருக்கும். 3-ஐத் தாண்டியதும் பருமன் கூடுவது குறையத் தொடங்கும். 5, 6 என்றால் வளர்ச்சி படுத்துவிடும். விதைக் காய்களும் குறையும். வறட்சி வந்தால் பட்டை வண்டுகளுக்கு அந்த மரமே முதல் இரை.

மூன்றாம் படி: வரைபடம்

புல்லுருவி காடெங்கும் சீராக இருக்காது. திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் ஐம்பது ஹெக்டேருக்கு ஒரே சராசரியைக் கணக்கிட்டு முடிவெடுப்பது வீண். இணையான கோடுகளில் நடந்து, நோயுள்ள திட்டுகளின் எல்லையை வரைபடத்தில் குறியுங்கள். கூடவே இவற்றையும் குறிக்க வேண்டும்: நோயுள்ள பெரிய மரம் இளமரங்களின் தலைக்குமேல் நிற்கும் இடங்கள், புல்லுருவி தாக்காத வேறு மரவகைகள் உள்ள இடங்கள், சாலை, ஓடை, பாறை, புல்வெளி போன்ற இயற்கை இடைவெளிகள். வெட்டும் பகுதியின் எல்லையை எங்கே வைப்பது என்ற முடிவு இந்தக் குறிப்புகளிலிருந்துதான் வரும்.

நான்காம் படி: எந்த வழி என்று முடிவெடுங்கள்

நோயில்லாத, அல்லது மிகக் குறைந்த துண்டுகளை முதலில் கவனியுங்கள். எல்லோரும் மோசமான இடத்துக்கே ஓடுகிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. நூறு இளமரங்களுக்கு நடுவே நோயுடன் நிற்கும் இரண்டு மரங்களை இன்று எடுத்துவிட்டால், அந்தத் துண்டு ஒரு தலைமுறைக்குத் தப்பித்தது. இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் பலன் இந்தத் தொழிலில் வேறில்லை.

எல்லா மரங்களின் சராசரி 3-க்குக் கீழே உள்ள துண்டுகளில் இடைவெட்டு செய்யலாம். அதாவது நெருக்கமாக நிற்கும் மரங்களில் நோய் மிகுந்தவற்றை எடுத்து, 0, 1, 2 மதிப்பெண் உள்ள, உயர்ந்து வளரும் மரங்களை விடுவது. மரம் உயரும் வேகம் புல்லுருவி மேலேறும் வேகத்தை மிஞ்சினால், நோய் கீழ்க்கிளைகளிலேயே தங்கி, நிழலில் அந்தக் கிளைகளோடு சேர்ந்து மடியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இடைவெட்டால் வெளிச்சம் உள்ளே வந்ததும், உறங்கிக் கிடந்த புல்லுருவி எல்லாம் தளிர்விடும். சுத்தம் என்று நினைத்து விட்டுவைத்த மரத்தில் மூன்றாம் ஆண்டு புதிதாக அது எட்டிப்பார்க்கும். ஆகவே இடைவெட்டைத் தொடங்குபவர் ஐந்து ஆண்டுக்குள் இன்னொரு முறை வந்து வெட்டுவதற்கும் பணம் ஒதுக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

சராசரி 3-க்கு மேலே போன துண்டில் இடைவெட்டு பணவிரயம். நல்ல மரங்கள் என்று விட்டுவைக்கப் போதிய மரங்களே மிஞ்சாது. அங்கே மொத்தமாக வெட்டிப் புதிதாக வளர்ப்பதே சரி.

ஐந்தாம் படி: மொத்தமாக வெட்டிப் புதுப்பித்தல்

வெட்டும் பகுதி சிறுசிறு துண்டாக இருக்கக்கூடாது. சிறிய துண்டில் சுற்றளவு அதிகம். எல்லையில் நிற்கும் நோயுள்ள மரங்கள் நான்கு பக்கமும் விதை எறியும். எட்டு ஹெக்டேருக்குக் குறையாமல், வளைவு நெளிவு இல்லாத எல்லையோடு வையுங்கள். எல்லைக் கோட்டைச் சாலையிலோ ஓடையிலோ வேறு மரவகை நிற்கும் பகுதியிலோ கொண்டுபோய் நிறுத்துங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், எல்லையை ஒட்டி 15 முதல் 20 மீட்டர் அகலத்துக்கு அந்தப் புல்லுருவி தாக்காத மரங்களை நடலாம்.

எந்த மரத்தை நடுவது? லாட்ஜ்போல் பைனின் புல்லுருவி டக்ளஸ் ஃபரை அனேகமாகத் தொடுவதில்லை; டக்ளஸ் ஃபரின் புல்லுருவி பைன்களைத் தொடுவதில்லை. மேற்கத்திய லார்ச்சுக்கும் மேற்கத்திய ஹெம்லாக்குக்கும் தனித்தனி இனங்கள் உண்டு. ஆகவே மேலே நிற்கும் மரத்தின் புல்லுருவி எதுவென்று அறிந்து, அது விரும்பாத மரத்தைக் கீழே வளர்த்தால், மேல்மரத்தை வெட்டக்கூட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மரவகைகள் கலந்த காட்டில் எறியப்படும் விதைகளில் பெரும்பகுதி தப்பான மரத்தில் ஒட்டி வீணாகும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: நோயுள்ள பெரிய மரத்தை அதே இன இளமரங்களின் தலைக்குமேல் விட்டுவைக்காதீர்கள். விதைக்காக, நிழலுக்காக என்று தாய்மரங்களை விட்டுவைக்கும் வழக்கம் பல காடுகளில் உண்டு. நோயில்லாத மரங்களைத் தேர்ந்தெடுத்து விடுங்கள். வேறு வழியில்லாமல் நோயுள்ளதையே விட்டிருந்தால், இளங்கன்றுகள் ஒரு மீட்டர் உயரத்தை எட்டுவதற்குள், அல்லது பத்து வயதாவதற்குள், அந்தத் தாய்மரம் போய்விட வேண்டும். சிறு கன்றின்மேல் விதை விழும் வாய்ப்பு குறைவு; உயர உயர அது கூடும். மரத்தை வெட்டிச் சாய்த்தால் கன்றுகள் நசுங்கும் என்ற நிலை இருந்தால், தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக அறுத்து, நின்ற நிலையிலேயே சாகவிடலாம். மரம் செத்தால் புல்லுருவியும் செத்தது. பட்டமரம் மரங்கொத்திகளுக்கு வீடாகும்.

வெட்டிப் போட்ட கிளைகளைப் புல்லுருவிக்காக எரிக்க வேண்டிய தேவையில்லை; வெட்டிய கிளையில் அது பிழைக்காது. பட்டை வண்டுக்காகவும் தீ அபாயத்துக்காகவும் அவற்றை அகற்றலாம். அது வேறு கணக்கு. வேலையைக் கோடைக்கடைசிக்கு முன்பே முடிப்பது நல்லது. பல இனங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் விதை எறிகின்றன.

கவாத்து எங்கே பயன்படும்?

பெரும் காட்டில் பயன்படாது; கூலி கட்டாது. முகாமிடம், பூங்கா, வீட்டருகே உள்ள மதிப்புமிக்க மரங்கள் என்றால் செய்யலாம். மரத்தின் மதிப்பெண் 3-க்குள், நோய் கீழ்ப்பாதியில் மட்டும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மிக உயரமான நோய்க்கிளைக்கு மேலேயும் இரண்டு கிளை அடுக்குகளைச் சேர்த்து எடுங்கள். அவற்றில் உறங்குவது இருக்கலாம். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சைக் கிளை மிஞ்ச வேண்டும். தளிர் தண்டிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருந்தால், அது ஏற்கெனவே தண்டுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். கிளை பருமனாக இருந்தால் இந்தத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்டுக்குள் போனதற்காகக் கவலைப்பட வேண்டாம். தண்டில் உள்ள புல்லுருவி அதிகம் விதைப்பதில்லை. மரத்தையும் பெரிதாக வருத்துவதில்லை. காப்பாற்ற முடியாத மரத்தில்கூடப் பெரிய துடைப்பக் கொத்துகளை மட்டும் அறுத்தெடுத்தால் அதற்குச் சில ஆண்டுகள் தெம்பு கிடைக்கும். கனமான கொத்துகள் எதிர்பாராமல் முறிந்து விழும். தலைக்கவசம் இல்லாமல் அடியில் நிற்கக்கூடாது. உயரத்தில் ஏறும் வேலையைப் பழகியவரிடமே விடுங்கள்.

மருந்து, உயிரி, தீ

மரத்தைக் கெடுக்காமல் பட்டைக்குள் இருக்கும் புல்லுருவியை மட்டும் கொல்லும் மருந்து நடைமுறையில் இல்லை. எத்திஃபான் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் தளிர்கள் உதிரும். அந்தப் பருவத்தின் விதை தடைபடும். உள்வேர் பிழைத்திருப்பதால் சில ஆண்டுகளில் மீண்டும் தளிர்க்கும். ஒரு பூங்காவில், கீழே நிற்கும் கன்றுகளைச் சில காலம் காக்க இது உதவும். காடு முழுக்கத் தெளிக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தளிரையும் கிளை வீக்கத்தையும் தாக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். களத்தில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அவை வரவில்லை.

தீ பழைய காலத்தில் இயற்கையின் கத்தியாக இருந்தது. நோயுள்ள காட்டை முழுதாக எரித்துவிட்டால், மரங்கள் திரும்பி வரும் வேகத்துக்குப் புல்லுருவியால் வர முடியாது. கட்டுப்படுத்தித் தரைத்தீ வைத்தால், தாழத் தொங்கும் கொத்துகள் கருகும். அதே கொத்துகள் தரைத்தீயை உச்சிக்கு ஏற்றும் ஏணியாகவும் மாறும். பயிற்சிபெற்ற தீக்குழுவும் அனுமதியும் இல்லாமல் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

எதை விட்டுவைப்பது

ஒரு புல்லுருவிகூட மிஞ்சக்கூடாது என்று கிளம்புபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது அந்தக் காடுகளின் பூர்வகுடி. டக்ளஸ் ஃபரின் பெரிய துடைப்பக் கொத்துகளில் புள்ளி ஆந்தைகள் கூடு வைக்கின்றன, அணில்கள் தங்குகின்றன, இதன் தளிரை மட்டுமே தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் உண்டு. அமெரிக்காவில் வடக்குப் புள்ளி ஆந்தை 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. கூடு இருக்கும் மரத்தை வெட்டுவது குற்றமாகிவிடலாம். மரத்துக்காக வளர்க்காத ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு போன்ற இடங்களில் கொத்துள்ள பழைய மரங்களைத் திட்டாக விட்டுவிடுங்கள். இளமரங்களிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

கடைசிப் படி: திரும்பி வாருங்கள்

வெட்டியபின் மூன்றாம் ஆண்டு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு ஒருமுறை அதே கோடுகளில் நடந்து, அதே துண்டுகளில் மதிப்பெண் போடுங்கள். புதிதாகத் தளிர்விட்ட மரங்களை அப்போதே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒரு பார்வை போதும். ஒவ்வொரு முறையும் தேதி, துண்டின் எண், மரவகை, இரண்டு சராசரிகள், எடுத்த மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். இந்தக் காட்டை உங்களுக்குப் பின் வேறொருவர் பார்த்துக்கொள்வார். எந்தத் திட்டை எந்த ஆண்டு, எதற்காக விட்டுவைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.